கசாயம் இருக்கட்டும், இன்றைக்கு எத்தனையாவது நாள்?



போன மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அடுப்பங்கரையிலிருந்து நிலவேம்புக் கசாயத்தின் கசப்பு வாடை மூக்கில் ஏறியது. "யாருக்கம்மா காய்ச்சல்?" என்று கேட்டேன். "சின்னவனுக்குத்தான் அண்ணே! நாலு நாளா அனலாக் கொதிச்சான். இன்னிக்குக் காலையில உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு. கசாயம் கேட்டுடுச்சு" என்று அந்தத் தாய் சிரித்த முகத்தோடு சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வார்த்தையை 2019இல் இன்னொரு தோட்டத்தில், இன்னொரு வீட்டு வாசலில் கேட்டேன். அன்றைக்கு "அப்பாடா, நல்லதாப் போச்சு" என்று தலையாட்டிவிட்டு வந்தவன் நான்தான்.

அவர் குலை வெட்டுகிறவர். நாற்பது வயது, கல்லுப் போன்ற உடம்பு. நாலு நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பே முறிகிற மாதிரி வலி. கிளினிக் முப்பது கிலோமீட்டர். வண்டி கிடையாது. போனால் வரிசை, காத்திருப்பு, "ஏன் இவ்வளவு லேட்டா வந்தே?" என்ற ஏச்சு. எதற்கு வம்பு என்று வீட்டிலேயே கிடந்தார். மனைவி வேளைக்கு ஒரு டம்ளர் கசாயம் கொடுத்தார். வலி தாங்காமல் கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் போட்டுக் கொண்டார். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. மாதக் கடைசி, சம்பளம் குறைந்துவிடுமே என்ற கவலை. பெரட்டுக்குப் போய் நின்றார். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, அப்புறம் என்ன?" என்று நானும் முதுகில் தட்டினேன்.

பத்து மணிக்கு மரத்தடியில் சுருண்டு விழுந்தார். கை கால் சில்லிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: டிங்கி. மூன்று நாள் தீவிர சிகிச்சை, அப்புறம் ஆறு நாள் வார்டு. பிழைத்து வந்தார். அந்த 2019ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 130,000 பேருக்கு மேல் டிங்கி கண்டது. 182 பேர் வீடு திரும்பவில்லை. அவர் 183ஆவது ஆளாக ஆகியிருந்தால் அவர் பிள்ளைகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

டிங்கியின் சூழ்ச்சி என்னவென்று அப்போதுதான் டாக்டர் எனக்கு விளங்க வைத்தார். மற்ற காய்ச்சலில் சூடு இறங்கினால் நோய் இறங்கியது என்று பொருள். டிங்கியில் அப்படி இல்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே சூடு இறங்குகிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயின் சுவர் தளர்ந்து, உள்ளே ஓட வேண்டிய நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிகிறது. இரத்தம் கெட்டியாகிறது, அழுத்தம் விழுகிறது. ஒரு நாள், இரண்டு நாளைக்குள் ஆள் தேறுவதோ போவதோ முடிவாகிவிடும். கசாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்தச் சமயத்தில் சூடு தானாகவே இறங்கும். பெயர் மட்டும் கசாயத்துக்குப் போய்விடுகிறது! பெரட்டுக்குப் போனால் தேவலை என்று நமக்குத் தோன்றுகிற அதே நாளில்தான் நாம் கட்டிலில், மருத்துவர் கண் முன்னால் இருக்க வேண்டியவர்கள்.

இதைப் படித்துவிட்டு, "படிச்ச சங்கத்துக்காரர் நம்ம மூலிகையைப் பழிக்க வந்துட்டார்" என்று நினைத்துவிடாதீர்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்பு படித்தவன். என் பாட்டியின் கசாயத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்துக்குப் பின்னால் துளசி, கற்பூரவல்லி, நொச்சி, ஆடாதோடை என்று ஒரு சின்ன வேலிக்காலே இருந்தது. மழையில் நனைந்து பால் வெட்டிவிட்டு வந்தால், சுக்கும் மிளகும் மல்லியும் தட்டிப் போட்டு, இரண்டு துளசி இலையைக் கிள்ளிப்போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பார். தொண்டை இதமாகும், வியர்க்கும், தூக்கம் வரும். சூடான நீர் வயிற்றுக்குப் போகிறதே, அதுவே காய்ச்சல்காரனுக்குப் பாதி மருந்து. இதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நம் சமையலறைச் சாமான்தானே!

செடியில் மருந்து இருக்கிறது என்பதற்கு நம் தோட்டத்துச் சரித்திரமே சாட்சி. காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் மலேரியா நம் பாட்டன் பூட்டன்மாரைக் கொத்துக் கொத்தாகத் தின்றது. அப்போது பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி வாயில் ஊற்றினார்களே கொய்னா, அது சிங்கோனா என்ற மரத்துப் பட்டைதான். இன்றைக்கு மலேரியாவுக்குக் கொடுக்கிற ஆர்ட்டிமிசினின் மருந்தும் ஒரு செடியிலிருந்து வந்தது. அதைக் கண்டெடுத்த சீனத்து அம்மையார் தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தச் செடியைச் சூடாக்கியபோது சத்து கெட்டுப்போனது. சூடு குறைத்து எடுத்தபோதுதான் வேலை செய்தது. எந்தச் செடி, எவ்வளவு, எப்படி, எந்த நோய்க்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நாமோ எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே சட்டியைத்தான் அடுப்பில் ஏற்றுகிறோம்.

நிலவேம்பையே எடுத்துக் கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்கள். தமிழ்நாட்டில் டிங்கி பரவிய காலத்தில் அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் நம்மவர்களும் ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் பொட்டலம் பொட்டலமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். சரி. ஆனால் கர்ப்பிணிப் பெண்கள் அதைத் தொடக்கூடாது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடுகிறவர்கள், நம் லயங்களில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்களே, அவர்களுக்கு நிலவேம்பு சர்க்கரையையும் அழுத்தத்தையும் மேலும் இறக்கிவிடக் கூடும். காய்ச்சலில் சோறு இறங்காமல் வெறும் வயிற்றோடு கிடக்கிறவனுக்கு மாத்திரையும் கசாயமும் சேர்ந்தால் தலைசுற்றி விழுவான். இருதயத்துக்காக இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கவே வேண்டாம். சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சு முட்டுகிற ஒவ்வாமையும் வந்திருக்கிறது. கசப்பானதெல்லாம் நல்லது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை.

சீந்தில் கொடியும் அப்படித்தான். கோவிட் காலத்தில் வைரஸ் ஓடிவிடும் என்று பலர் விழுங்கினார்கள். அதைச் சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்த நோயாளிகளைப் பற்றி 2021இல் மும்பாய் மருத்துவர்கள் எழுதினார்கள். ஈரல் நோய் உள்ளவர்கள், தினம் தண்ணி போடுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்காத தோட்டம் இல்லை. இதை நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சோதித்துப் பார்த்தது. 228 டிங்கி நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மூன்று நாள் சாறு கொடுத்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் ஏறின என்று கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் டிங்கியில் ஆளைச் சாய்ப்பது தட்டணு குறைவது மட்டுமல்ல. முன்னே சொன்ன அந்த நீர்க்கசிவுதான் பெரிய எமன். அதைப் பப்பாளிச் சாறு அடைக்கும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. அந்த நோயாளிகள் வீட்டில் கிடந்தவர்களும் அல்லர், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கவனிப்பில் இருந்தவர்கள். இதை மறந்துவிட்டு, இலையைக் கசக்கிக் கொடுத்தால் போதும் என்கிறோம். சாற்றின் கசப்பில் ஓயாமல் வாந்தி எடுத்தால் உடம்பிலுள்ள கொஞ்ச நஞ்ச நீரும் போகும். அந்த வாந்தி நோயால் வந்ததா, சாற்றால் வந்ததா என்று டாக்டரும் குழம்புவார். கருத்த கசாயம் குடித்துவிட்டுக் கருப்பாக வாந்தி எடுத்தால் அது இரத்தமோ என்று தெரியாமல் போகும். ஆகவே கிளினிக்கில் போய் உட்கார்ந்ததும், "இன்னது குடித்தேன், இத்தனை வேளை குடித்தேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். மிச்சமிருந்தால் இலையையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துப் போங்கள். மிஸ்ஸி ஏசுவார் என்று மறைக்காதீர்கள். ஏச்சு காதோடு போய்விடும்.

இனி நம் தோட்டத்துக்கே உரிய ஓர் ஆபத்து. பட்டணத்தில் எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது. மூலிகையை எங்கே பறிக்கிறோம்? வாய்க்கால் ஓரம், மரவரிசை ஓரம், சாலை ஓரம். அங்கெல்லாம் என்ன அடிக்கிறார்கள்? களைக்கொல்லி! பாராக்குவாட் என்ற கொடிய விஷத்தை 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அது நம் சங்கங்களும் பெண் தொழிலாளர்களும் பல வருஷம் குரல் கொடுத்த விஷயம். ஆனால் கிளைபோசேட் இன்னும் அடிக்கிறார்கள். மருந்து அடித்த அன்றைக்கே செடி கருகிவிடாது, சில நாள் பச்சையாகவே நிற்கும். அதைப் பறித்துக் காய்ச்சினால் விஷத்தையும் சேர்த்துத்தான் குடிக்கிறோம். கழுவினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், அந்த மருந்து செடிக்குள்ளேயே போகிற மருந்து. வேண்டுமென்றால் வீட்டு வாசலில் ஒரு தொட்டியில் நட்டு வளருங்கள், உங்கள் கையால் தண்ணீர் ஊற்றுங்கள். மருந்து வந்த காலி டப்பாவை மட்டும் தொட்டியாக வெட்டாதீர்கள். கசாயத்தைப் பழைய மருந்துப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்பு சுட்டால் கசாயமும் வேண்டாம், உரை மருந்தும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் தடவாதீர்கள். அதிலுள்ள ஒருவகைக் கிருமி பிள்ளையின் கை காலை முடக்கிவிடும். சூடத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் பூசுகிறோமே, அந்தச் சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாயில் பட்டால் சொல்லவே வேண்டாம். பிள்ளைக்கு வலிப்பு வரும். நீலகிரித் தைலமும் அப்படியே, தேய்க்கிற தைலம் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், குழந்தையின் மூக்கருகில் பூசாதீர்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அளவு மீறினால் அதுவும் நஞ்சு. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைக்கும்போது பானை கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கம்பளியைப் போர்த்தி வியர்க்க வைக்கிறதும் கூடாது. மெல்லிய துணி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டு, அடிக்கடி குடிக்க ஏதாவது, அவ்வளவு போதும்.

மாத்திரைக்கு வருவோம். காய்ச்சல் என்னவென்று தெரியாத வரைக்கும் ஆஸ்பிரின் வேண்டாம், பொன்ஸ்தான் வேண்டாம், புருஃபென் வேண்டாம். டிங்கியில் அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். 2019இல் விழுந்தவர் போட்ட வலி மாத்திரையும் அந்த ஜாதிதான். பனடோல் என்று நாம் சொல்கிற பாராசிட்டமால் ஒன்றுதான் வழி. அதிலும் பெரியவர்கள் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் அதே மருந்து கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சம்பளத் தேதியில் வேனில் வந்து ஜாமுப் பொட்டலம், "எல்லா வலிக்கும் ஒரே மாத்திரை" என்று விற்கிறார்களே, அது மூலிகை அல்ல, முக்காடு போட்ட இங்கிலீஷ் மருந்து. இந்த மாதிரிச் சரக்கில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. குடித்த மறுநாளே வலி பறக்கும், காய்ச்சல் பறக்கும். உள்ளே கிருமி மட்டும் நிம்மதியாக வளரும். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடிகிற பதிவு எண்ணும், மினுமினுக்கும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள்.

டிங்கி ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம்? எலி மூத்திரம் கலந்த சேற்றில், கால் வெடிப்போடு உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். கண் சிவக்கும், கெண்டைக்கால் தொட்டால் வலிக்கும், அப்புறம் மஞ்சள் காமாலை. "காமாலைதானே" என்று கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகமும் சேர்ந்து நின்றுவிடும். ஆரம்பத்திலேயே போனால் சாதாரண மருந்தில் தீர்கிற நோய் அது. காட்டோரத் தோட்டங்களில் குரங்கு மலேரியா வேறு. 2018 முதல் நம் நாட்டில் மனிதருக்குள்ளேயே பரவுகிற மலேரியா உள்ளூரில் கண்டறியப்படவில்லை என்று பெருமைப்பட்டோம். ஆனால் குரங்கிலிருந்து கொசு கொண்டு வருகிற இந்த மலேரியா நிற்கவில்லை. இதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும். இரண்டு நாள் கசாயத்தில் கழித்தால் அது நமக்கு இரண்டு நாள், அதற்கு இரண்டு தலைமுறை. காட்டோரம் வேலை செய்கிறவர்கள் காய்ச்சல் கண்ட அன்றே போய், "நான் காட்டோரம் வேலை செய்கிறேன், இரத்தம் பாருங்கள்" என்று கேளுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் நம்மவர்கள் ஏன் கிளினிக்குக்குப் போவதில்லை? மூலிகை மேல் உள்ள பக்தியாலா? இல்லை, தோழர்களே! நாள் சம்பளம் போகுமே என்ற பயம்தான். மண்டோர் முகம் சுளிப்பாரே என்ற பயம்தான். கசாயச் சட்டிக்குள் கொதிப்பது பாதி மூலிகை, பாதி இந்தப் பயம். அதனால் சட்டத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60எஃப் பிரிவின்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை தனி. இது யாரும் போடுகிற பிச்சை அல்ல, நம் உரிமை.

ஆனால் இந்த உரிமைக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று எம்.சி., பதிவு பெற்ற டாக்டர் எழுதியது. கசாயம் குடித்ததற்கு எம்.சி. கிடையாது. இன்னொன்று, விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல், தக்க காரணமும் காட்டாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் காணாமல் போனால் ஒப்பந்தத்தை மீறியவன் என்று எழுத அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் குலை வெட்டுகிறவருக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளுக்கும் சம்பளம் வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் கசாயத்தோடு கிடந்த நாலு நாளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையில் தாள் இல்லையே, எதை வைத்து வாதாடுவது? சாகக் கிடந்தவன் கணக்கில் நாலு நாள் 'ஆப்சென்ட்' விழுந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். தூரம்தான் கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கிளைத் தலைவர்கள் நிர்வாகத்திடம் வண்டி கேட்க வேண்டும், கொடுக்காவிட்டால் லயத்துக்குள் யாரிடம் கார் இருக்கிறது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேட முடியாது. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

அந்தச் சின்னவன் கதைக்கு வருகிறேன். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் என் காரில் ஏற்றினேன். "விட்டுடுச்சே அண்ணே, எதுக்கு?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். இரத்தம் பார்த்தார்கள், டிங்கிதான். அங்கிருந்தே ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் பையன் நடந்து வீட்டுக்கு வந்தான்.

போன வாரம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். அடுப்பில் கசாயம் கொதித்துக் கொண்டிருந்தது. இந்தத் தடவை மாமியாருக்குக் காய்ச்சலாம். சுவரில் தொங்கிய காலண்டரில் இரண்டு தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டு, ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தார். "நாளைக்கு மூணு, அண்ணே. விட்டாலும் சரி, விடாட்டியும் சரி, காலையில கூட்டிட்டுப் போறேன். பக்கத்து வீட்டு வண்டிக்குச் சொல்லி வெச்சிட்டேன்" என்றார்.